நண்டை அளந்தாச்சு, மடியை யார் அளப்பது?

பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டுக்குக் கிடைக்கும் கவனிப்பு இந்த மாநிலத்தில் வேறு எந்த ஜீவனுக்கும் கிடைக்குமா என்பது சந்தேகம். கடற்கரைப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவனிடம் பட்டா உண்டா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரிக்க ஆள் வருவதில்லை. நண்டை விசாரிக்க வருகிறார்கள். காலிப்பரோடு வருகிறார்கள். ஓட்டின் இடது முள் நுனிக்கும் வலது முள் நுனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம், ஆணா பெட்டையா, பெட்டை என்றால் சினை இருக்கிறதா, சினை மஞ்சளா, பழுப்பா, பொரியப்போகும் கறுப்பா என்று ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறார்கள். கணினியில் ஏற்றுகிறார்கள். வளைகோடு வருகிறது. வளைகோட்டுக்குக் கீழே ஒரு வாசகம் வருகிறது: வளம் அழுத்தத்தில் உள்ளது, முறைப்படுத்துவது அவசியம்.

சில வருடம் கழித்து இன்னொருவர் வருகிறார். அதே இறங்குதளத்தில் நின்று, முன்பு அளந்த நண்டின் பேரப்பிள்ளைகளை அளந்து, அதே வாசகத்தை வேறு எழுத்துருவில் எழுதிவிட்டுப் போகிறார். இடையில் முறைப்படுத்தப்பட்டது அந்த வாசகம் மட்டும்தான்.

அளக்கிறவர்களைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். மீனுக்கு வயதுச் சான்று உடம்பிலேயே இருக்கிறது. தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் வளர்ச்சி வளையம் தெரியும். நண்டுக்கு அந்த வசதி கிடையாது. அது வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். கழற்றும்போது பழைய ஆவணம் முழுதும் கடலோடு போய்விடும். ஒரு நண்டு முதியோர் உதவித்தொகை கேட்டு நம் தாலுகா அலுவலகத்துக்கு வந்தால், பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை என்று முதல் ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளிச் சான்றிதழைக் கேட்டால், போன சட்டையின் பையில் வைத்திருந்தேன் ஐயா, சட்டையைக் கழற்றிவிட்டேன் என்றுதான் அதனால் சொல்ல முடியும்.

ஆகவே ஆய்வாளர் சுற்றுவழியில் போகிறார். ஒரு மாதம் நூற்றுக்கணக்கான நண்டுகளை அளக்கும்போது 7 சென்டிமீட்டரில் ஒரு கூட்டம் தெரிகிறது. அடுத்த மாதங்களில் அந்தக் கூட்டம் 8க்கும் 9க்கும் நகர்கிறது. நகரும் வேகம்தான் வளர்ச்சி. வளர்ச்சியிலிருந்து வயது. வயது ஏற ஏறப் பெரிய நண்டுகள் எவ்வளவு வேகமாகக் காணாமல் போகின்றன என்று பார்த்தால் மொத்தச் சாவு. அதில் இயற்கையாகச் சாவது எவ்வளவு? கடலுக்கடியில் போய் யாரும் பிணம் எண்ணுவதில்லை. வளர்ச்சி வேகத்தையும் கடல்நீரின் வெப்பத்தையும் டேனியல் பாலி 1980ல் கொடுத்த சூத்திரத்தில் போட்டு ஒரு மதிப்பை எடுப்பார்கள். மொத்தச் சாவில் அதைக் கழித்தால் மிச்சம் நம் கைங்கரியம். நாம் கொன்றது மொத்தச் சாவில் பாதியைத் தாண்டினால் அளவுமீறிப் பிடிக்கிறோம் என்று பொருள். 1971ல் ஜான் கல்லண்ட் சொன்ன கட்டைவிரல் கணக்கு இது. இப்போது இன்னொரு கணக்கும் புழங்குகிறது. வலையே படாத கடலில் ஒரு பெட்டை நண்டு வாழ்நாளில் இடக்கூடிய முட்டை 100 என்றால், நாம் பிடித்தது போக மிஞ்சியவை எவ்வளவு இடுகின்றன? 20க்குக் கீழே போனால் ஆபத்து, 30, 40 இருந்தால் நிம்மதி.

ஒரே தடவையில் பல லட்சம் முட்டை சுமக்கிற ஜீவன் இது. சில பெட்டைகள் பத்து லட்சத்தையும் தாண்டும். வெப்பக் கடலில் வருடம் முழுதும் சினைப்படும், ஒரு வருடத்துக்குள் தானும் தாயாகிவிடும். இத்தனை வேகமாகப் பெருகும் ஒன்றையே அளவுமீறிக் குறைக்க முடிகிறதென்றால், நம் திறமையைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்தப் பாதியைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தபின் என்ன நடக்கும்? மருத்துவர் சர்க்கரை 400 என்று சொன்னால் இனிப்பை நிறுத்துவோம், மாத்திரை போடுவோம், குறைந்தபட்சம் பயப்படுவோம். நம் மீன்வள நிர்வாகம் அந்த எண்ணைச் சட்டம் போட்டு மாட்டி, கீழே அடுத்த பரிசோதனைக்கு நிதி ஒதுக்கும். இந்த ஆண்டு பாக் விரிகுடாவில் இத்தனை டன் நண்டுதான், அதற்குமேல் கூடாது என்ற உச்சவரம்பு நம்மிடம் கிடையாது. நண்டு என்ன, நம் கடலில் எந்த மீனுக்கும் அப்படி ஒன்று கிடையாது. வரம்பு வைப்பதற்காகத்தான் உலகம் முழுதும் இருப்பைக் கணக்கெடுக்கிறார்கள். நாம் கணக்கெடுப்பதற்காகக் கணக்கெடுக்கிறோம்.

யாராவது விடாமல் கேட்டால் ‘தரவு போதவில்லை’ என்பார்கள். கடல்தரையைச் சுரண்டி வாரும் விசைப்படகு வலையான இழுவைமடிக்கு இதைவிடச் சிறந்த வக்கீல் இதுவரை அமைந்ததில்லை. வழக்கை எத்தனை வருடமானாலும் இழுப்பார், ஃபீஸும் கேட்கமாட்டார்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. இந்தியக் கடலின் மீனை எண்ணும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கியது. 1971ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில், இதே பாக் விரிகுடாவின் கரையில்தான் இருந்தது. அதற்கு முன்னால் அந்த முகாமில் என்ன இருந்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களை அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தலையை எண்ணிக் கப்பலேற்றிய இடம் அது. பிற்பாடு இலங்கையிலிருந்து போர் துரத்தி வந்த தமிழர்களையும் மண்டபத்தில்தான் எண்ணிப் பதிவு செய்தோம். ஆக அந்த மண்ணுக்கு எண்ணுவது பழக்கமான தொழில். மனிதரை எண்ணினோம், மீனை எண்ணினோம், நண்டையும் எண்ணுகிறோம். எண்ணிய கண்ணுக்கு எதிரிலேயே கடல் உழப்பட்டதுதான் மிச்சம்.

உழவு என்று சும்மா சொல்லவில்லை. இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள் உண்டு. அவை தரையில் புரளும். வாயின் அடிக்கயிறு சங்கிலியோடு தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆழ்கடலில் அது ஒரு சேதம். பாக் விரிகுடா அண்டா மாதிரி ஆழமானதல்ல, தாம்பாளம். பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர்கூட ஆழம் இருக்காது. அந்தத் தாம்பாளத்தின் அடியில் இருக்கும் கடற்புல்தான், நம் ஆட்கள் தாழை என்பது, நண்டுக் குஞ்சுக்குத் தொட்டில். மடி போன வழியில் தாழை வேரோடு வரும். அதில் ஒளிந்திருந்த கட்டைவிரல் அளவு நண்டுக் குஞ்சும் வரும்.

அந்தக் குஞ்சு கரையில் நண்டுக் கூடைக்குப் போகாது. சங்காயத்தோடு போகும். விற்க முடியாத பொடிமீன், குஞ்சு, உடைசல் எல்லாவற்றையும் அள்ளிப் போடும் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். காய வைத்துக் கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அனுப்புவார்கள். நாளைக்கு அரைக் கிலோ நண்டாக வேண்டியது இன்றைக்குக் கோழியின் காலை உணவு. காலிப்பர் நண்டுக் கூடையைத் தேடிப் போகிற வேகத்தில் சங்காயக் குவியலைத் தேடிப் போய் நான் பார்த்ததில்லை. மடிக்கு அடியில் நசுங்கித் தரையிலேயே செத்தவை குவியலுக்குக்கூட வருவதில்லை. அளவெடுக்கும் கூடைக்கு வருமுன்பே செத்ததால் சூத்திரத்தின் எந்தக் கட்டத்திலும் அவை உட்காருவதில்லை. பலகை ஏறிச் செத்ததைக் கணக்கிலேயே எழுதாமல் விடும் பழக்கம் நம் காவல் நிலையங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

இப்போது யாருக்குப் பாடம் நடக்கிறது என்று பாருங்கள். நண்டுவலைக்காரர் நாட்டுப்படகில் போகிறவர். தரையோடு வலையை விட்டுவிட்டு வந்து, மறுநாள் போய் எடுத்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கால் ஒடியாமல் பிரிக்க வேண்டும். வீட்டுப் பெண்களும் கரையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். இவரைத்தான் மண்டபத்தில் கூட்டி வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, திரையில் படம் போட்டு, சினை நண்டைப் பிடிக்கக் கூடாது, கண்ணி சின்னதாக இருக்கக் கூடாது, கடல் நம் தாய் என்று வகுப்பு எடுக்கிறார்கள். கடல் தாய் என்ற தகவலை ராமநாதபுரம் மாவட்ட மீனவருக்கு ஒரு பவர்பாயிண்ட் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறங்குதளத்தில் அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியும்.

“அண்ணே, இந்த நண்டு சின்னது. இதைப் பிடிக்கலாமா?”

“பிடிக்கக் கூடாதுதான் தம்பி. கடல்ல பெருசு எங்க கெடக்குது, நீங்களே சொல்லுங்க.”

“பெருசாகறதுக்கு விடணும்ல அண்ணே.”

“நான் விட்டுட்டு வருவேன். ராத்திரி மடி வந்து அள்ளிட்டுப் போகும். நண்டையே அளக்குறீக. அந்தா வரிசையா கட்டி நிக்குதே, அத ஒரு நா அளந்து பாருங்களேன்.”

தம்பி நோட்டை மூடிக்கொள்வார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1983ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டோம். கரையிலிருந்து 3 கடல்மைல் வரை விசைப்படகு தொழில் செய்யக் கூடாது, அது நாட்டுப்படகுக்கு என்றோம். இரட்டைமடியைத் தடை செய்தோம். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ராமேஸ்வரத்தில் ஓர் ஏற்பாடும் உண்டு. உலகில் வேறெங்கும் கடலுக்கு இப்படி முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பதுபோல் ஏற்பாடு இருக்கிறதா தெரியாது. நல்ல ஏற்பாடுதான். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகும் நண்டுவலைக்காரர், திங்கட்கிழமை மடி போன தரையில் வலை விடலாம்.

அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாள்தான். மீன் இனப்பெருக்கக் காலம் என்று இதற்குப் பெயர். நண்டு வருடம் முழுதும் சினைப்படுவது அதன் குற்றம். தடை முடிகிற நள்ளிரவில் வாழைமரம் கட்டாத குறையாக எல்லா விசைப்படகும் புறப்பட, இரண்டு மாதம் பெருகியதை இரண்டு வாரத்தில் வாரிக் கொண்டுவந்து ‘நல்ல மீன்பாடு’ என்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுப்போம்.

இந்த நண்டு எங்கே போகிறது என்பதுதான் கதையின் உச்சம். நல்ல நண்டில் பெரும்பங்கு நம் சட்டிக்கு வருவதில்லை. கம்பெனி ஏஜெண்ட் எடுத்துக்கொள்வார். அவித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைப் பிரிப்பார்கள். நீச்சல் காலின் அடியில் இருக்கும் முழுத் துண்டுக்கு ஒரு விலை, சிதறலுக்கு ஒரு விலை, கொடுக்குச் சதைக்கு ஒரு விலை. டப்பாவில் அடைத்துப் பதப்படுத்தி அமெரிக்கா போகும். அரசுக்கு எத்தனை டன் பிடிபட்டது என்று மதிப்பீடுதான் தெரியும். கம்பெனிக்குக் கிராம் சுத்தமாகத் தெரியும். ஏலக்கடை நோட்டிலிருந்து கண்டெய்னர் ரசீது வரை ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்ட கடல்ஜீவன் இது, ஆனாலும் அரசாங்கத்துக்குத் தரவு போதவில்லை!

அமெரிக்காக்காரன் நம் நண்டை ஏன் தேடுகிறான்? அவனுக்கும் சொந்தமாக நண்டு இருக்கிறது. மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்கு நடுவே செசபீக் விரிகுடா. அங்கே இருப்பது நம் நண்டின் தூரத்துப் பங்காளி. 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலமும், நண்டெல்லாம் சேற்றில் புதைந்து அசையாமல் கிடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை, விரிகுடா முழுதும் 1,500 இடங்களில் வாருகோலை இறக்கி நண்டை எண்ணுகிறார்கள். இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரே கணக்கு. முதிர்ந்த பெட்டைகள் 7.25 கோடிக்குக் கீழே இறங்கக் கூடாது, 19.6 கோடி இருப்பது நல்லது என்று எண்ணை முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கிறார்கள். 2008ல் பெட்டைகள் குறைந்தபோது, பெட்டை நண்டுப் பிடிப்பை 34 சதவீதம் வெட்டினார்கள். அங்கேயும் மீனவர் கத்தினார்கள், வழக்கம்போல் அரசியல்வாதியிடம் போனார்கள். வெட்டு மாறாமல் நிலைத்தது. 2012ல் மொத்த நண்டு 76 கோடியைத் தாண்டியது.

அதோடு சுபம் போட்டுவிட முடியாது. 2025ல் அதே விரிகுடாவில் எண்ணியபோது ஏறத்தாழ 24 கோடிதான் இருந்தது. வெள்ளைக்காரன் எண்ணினால் நண்டு பெருகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணினான், குறைந்தது தெரிந்தது, குறைந்தது என்று ஊருக்குச் சொன்னான், சட்டம் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவன் சாப்பாட்டுத் தட்டு குறையவில்லையே. தன் கடலில் பெட்டையை விட்டுவைத்தவன், நண்டு வடை வேண்டுமென்றால் எந்தக் கடலிலிருந்து எடுப்பான்? 2015ல் ஓசியானா அமைப்பு மேரிலாந்து, வாஷிங்டன் பக்கத்து உணவகங்களில் உள்ளூர் நண்டு என்று விற்ற 90 நண்டு வடைகளை மரபணுச் சோதனை செய்தது. 38 சதவீதம் பொய். அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நம் பக்கத்து இந்தோ-பசிபிக் நண்டு. அங்கே ஒரு வரம்பு வைத்தால் இங்கே ஒரு தாழை போகிறது. சொந்த வீட்டு மாமரத்துக்கு வேலி போட்டுவிட்டு அடுத்தவன் தோப்பில் கல்லெறியும் இந்த ஏற்பாட்டுக்கு அங்கே ‘பொறுப்பான கொள்முதல்’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறது.

லேபிளுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டின் அகலம் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த நண்டை வாங்கமாட்டோம் என்று அமெரிக்க இறக்குமதிக் கம்பெனிகள் சங்கமாகச் சேர்ந்து உறுதி எடுத்தன. இந்தோனேசிய அரசு 10 சென்டிமீட்டர் என்று சட்டமே போட்டது. நம் கரையில் பெட்டை முதிர்வது பெரும்பாலும் அந்த 8ஐத் தாண்டித்தான். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு 8 பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்டின் தராசுக்கு வரும்போது அந்த நண்டு செத்து எவ்வளவு நேரமாயிற்று? ஏழரை சென்டிமீட்டர் பிணத்தை ‘நீ சிறியவன், போய் வளர்ந்து வா’ என்று திருப்பிக் கொடுப்பதுதான் இந்தப் பாதுகாப்பு. அது பாதி விலைக்கு உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். நஷ்டம் வலைக்காரனுக்கு. கம்பெனி ஆண்டறிக்கையில் ஒரு கடல் படம், ஒரு பச்சை இலை. நாட்டின் மீன்வளக் கொள்கையை ஒரு வடைக்கடைக்காரனின் மனசாட்சி நடத்துகிறது என்றால், அந்த நாட்டில் மீன்வள அமைச்சகம் எதற்கு?

இனி எல்லைக்கு வருவோம். 1974ல் டெல்லியும் கொழும்பும் பாக் விரிகுடாவின் நடுவே ஒரு கோடு போட்டன. நண்டுக்குத் தகவல் தெரிவிக்கவில்லை. அது இன்னமும் இந்தப் பக்கம் தாழையில் வளர்ந்து அந்தப் பக்கம் முட்டையிடுகிறது, அல்லது மாறிச் செய்கிறது. குஞ்சு நீரோட்டத்தோடு எங்கே வேண்டுமானாலும் ஒதுங்குகிறது. ஒரே விரிகுடா, ஒரே நண்டு. ஆனால் இந்தியா ஒரு கணக்கு, இலங்கை ஒரு கணக்கு. குடும்ப அட்டையைப் பிரித்து வாங்கிய அண்ணன் தம்பி ஒரே பானையிலிருந்து எடுத்துக்கொண்டு, அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே டைரி எழுதுகிற மாதிரி. பானையில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்ப்பது இறையாண்மைப் பிரச்சினை. மேரிலாந்தும் வர்ஜீனியாவும் சேர்ந்து எண்ண முடிகிறது. மண்டபமும் மன்னாரும் சேர்ந்து எண்ண முடியாது.

இதைச் சொன்னால் எவருக்கும் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி மீனவருக்குப் போர்க்காலத்தில் கடல் பூட்டிக் கிடந்தது. பாஸ், நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் கட்டுப்பாடு. 2009க்குப் பின் கடன் வாங்கி வலையும் படகும் வாங்கிக் கடலில் இறங்கினார்கள். அவர்களுக்கும் பிடிமானம் இதே நீலக்கால் நண்டு, இதே அமெரிக்க டப்பா. இரவில் நம் இழுவைமடி எல்லை தாண்டிப் போய் அவர்கள் விட்டிருந்த நண்டுவலையை அறுத்துக்கொண்டு திரும்புகிறது. மேடையில் நாம் ‘தொப்புள்கொடி உறவு’ என்கிறோம். அந்தக் கொடியைக் கடலில் அறுப்பது எது என்று மேடையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இலங்கைக் கடற்படை சுட்டதையும் அடித்ததையும் படகுகளைப் பிடித்து மக்க விட்டதையும் நான் மறக்கவில்லை. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். இழுவைப்படகில் கூலிக்குப் போகிறவனும் கடனாளிதான், சிறைக்குப் போகிறவனும் அவன்தான், படகின் முதலாளி போவதில்லை. ஆனால் கைது நடக்கும் ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு கடிதம், கச்சத்தீவு பற்றி ஒரு முழக்கம், தேர்தல் நேரத்தில் அதே முழக்கம் கொஞ்சம் உரக்க. இந்தப் பக்கக் கடலில் மீன் ஏன் இல்லை, அதனால்தானே அந்தப் பக்கம் போகிறார்கள் என்ற கேள்வியை எந்தக் கட்சியும் கேட்டதாக நினைவில்லை. கேட்டால் பதில் மடியில் போய் முடியும். மடிக்கு ஓட்டு இருக்கிறது, மானியம் இருக்கிறது. 1952ல் கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இழுவைப்படகை முன்னேற்றம் என்று பெயர் சொல்லிப் பணம் கொடுத்து வளர்த்தது அரசாங்கம்தான். மீனவன் கேட்டு வந்ததல்ல அது.

தீர்வு தெரியாமலும் இல்லை. 2016ல் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். அடிமட்ட இழுவையைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2017ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அங்கேயும் உள்ளூர் இழுவை முழுதாக நிற்கவில்லை, சட்டம் எதிர்க்கரைப் படகைக் கண்டால்தான் சுறுசுறுப்பாகிறது. நம் பங்குக்கு 2017ல் ராமேஸ்வரத்தில் பிரதமரே வந்து, இழுவைப்படகை ஒப்படைத்து ஆழ்கடல் சூரைப் படகு வாங்கும் திட்டத்தைத் தொடங்கினார். மூன்று வருடத்தில் 2,000 இழுவைப்படகு குறையும் என்றார்கள். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு ராத்திரி தொழில் செய்து பழகியவனிடம் வாரக்கணக்கில் இந்தியப் பெருங்கடலில் தூண்டில் போடச் சொன்னார்கள். சூரை எங்கே கிடைக்கும், கெட்டுப் போகாமல் எங்கே இறக்குவது, யார் வாங்குவார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. இலக்கின் அருகில்கூடத் திட்டம் வரவில்லை. அந்தத் தோல்வியை எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் காலிப்பரால் அளக்கவில்லை.

இவ்வளவும் நடந்தபின் அடுத்த நண்டு ஆய்வுக்கு ஆள் வருவார். வரட்டும். அளக்கத்தான் வேண்டும், அளக்காமல் எந்த வரம்பும் நிற்காது. ஆனால் அவரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலிப்பரை எடுப்பதற்கு முன் ராமேஸ்வரம், மண்டபம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம் இறங்குதளங்களில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். போன ஆய்வில் நண்டுச் சாவில் எவ்வளவு நம் கையால் என்று வந்தது, அதைக் குறைக்க இந்தக் கடலில் எத்தனை இழுவைப்படகு நிற்க வேண்டும், எத்தனை நின்றது என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மன்னாரிலும் அதே பலகை, அதே எண்ணோடு இருக்கட்டும். கடைசிக் கட்டத்தில் எழுத எண் இல்லையென்றால், அது நிரம்பும்வரை நண்டைத் தொடாதீர்கள், நண்டுவலைக்காரருக்கு வகுப்பும் எடுக்காதீர்கள்.